ப்ராஜெக்ட் பேட்ச்சில் நான்கு பேர், வேலை செய்வது ஒருவர்: சேர்ந்து வேலை செய்யவும் பேசவும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

#1 மின்சுற்று | 9 ஜூலை, இரவு 10:42

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் துறை உதவிப் பேராசிரியர் நான். எட்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன்.

ஏப்ரலில் நடந்த இறுதியாண்டு வைவா இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நான்கு பேர் கொண்ட பேட்ச். மண்ணின் ஈரத்தை அளந்து தானாக மோட்டாரை ஓடவிடும் கருவி. நன்றாகவே ஓடியது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூன்றாவதாக நின்ற பையனிடம், மோட்டாரை ஓடவும் நிற்கவும் வைக்கும் மின்சுவிட்சைக் காட்டி, "இந்த ரிலே எதுக்குப்பா?" என்று கேட்டார். அவன் முதலில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான். முதல் பையன் பதில் சொல்ல வாயெடுத்தான். தேர்வாளர் கையமர்த்தினார். கொஞ்ச நேரம் அறையில் சத்தமே இல்லை.

மூன்றாவது பையன் மோசமான மாணவன் இல்லை. முதல் ஆண்டில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். கைடு நான்தான். ஐந்து மாதம் வாரம் ஒருமுறை நால்வரும் என் மேஜை முன்னால் வந்து நின்றார்கள். பேசியது எப்போதும் ஒருவன்தான். நான் கவனித்திருக்க வேண்டும்.

தர அங்கீகாரத்துக்காக நாங்கள் வருடக்கணக்கில் நிரப்பிய 12 அம்சப் பட்டியலில் 9ஆவது 'தனியாகவும் குழுவாகவும் செயல்படுதல்', 10ஆவது 'தகவல் தொடர்பு'. பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றையொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பினரான பிறகு இந்தப் பட்டியலுக்கு இன்னும் மதிப்பு கூடியது. எங்கள் கோப்புகளில் இரண்டு அம்சத்துக்கும் நல்ல எண்கள்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பையனுக்கு நாங்கள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் வெளி நிறுவனத்திலிருந்து பயிற்சியாளர் வந்து மூன்று நாள் வகுப்பு எடுப்பார். கைகுலுக்குவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, ரெஸ்யூமே எழுதுவது. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். நான்காவது நாள் எல்லாம் பழையபடி.

இந்தப் பருவம் மூன்றாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட் என் பொறுப்பு. 58 பேர். எப்படி வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளுங்கள் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். இதைச் செய்து பார்த்தவர்கள், மாணவராக அனுபவித்தவர்கள் சொல்லுங்கள். எங்கே தொடங்கலாம்?

---

#2 தேர்வடம் | 9 ஜூலை, இரவு 11:30

மேடம், நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். வருடா வருடம் ஏழெட்டுப் புதியவர்கள் என் குழுவுக்கு வருகிறார்கள். அவர்களிடம் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது ஆங்கிலம் இல்லை. மாட்டிக்கொண்டால் சொல்வதில்லை, அதுதான். திங்கட்கிழமை ஒரு வேலை கொடுப்பேன். செவ்வாய், புதன், வியாழன் கேட்டால் "போயிட்டிருக்கு அண்ணா" என்று பதில் வரும். வெள்ளிக்கிழமை பார்த்தால் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு இடத்தில் நின்றுபோயிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டிருக்கலாம். "தெரியாது" என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்று பள்ளியிலிருந்தே பயந்து வளர்ந்திருக்கிறார்கள். அந்த பயத்தை எடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று. எனக்குத் திருவாரூர். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று எல்லோரும் சொல்கிறோம். வடத்தில் கை வைத்தவர் எல்லோரும் முழு பலத்தோடு இழுப்பதில்லை என்று வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். பிரான்சில் வேளாண் பொறியியல் பேராசிரியர் ரிங்கல்மான் இதை அளந்தே பார்த்திருக்கிறார். 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்தார், முடிவுகள் 1913இல் வெளிவந்தன. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது கிடைத்த விசை, தனித்தனியாக இழுத்ததைக் கூட்டினால் வருவதில் பாதிதான். ஒரே நேரத்தில் இழுக்காதது ஒரு காரணம். நாம் கொஞ்சம் விட்டாலும் தெரியாது என்ற நினைப்பு இன்னொன்று. 1979இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாட்டானே குழுவினர் கைதட்டவும் கத்தவும் வைத்து இதையே பார்த்தார்கள். ஒவ்வொருவர் சத்தமும் தனியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால் அந்தச் சுணக்கம் போய்விடுகிறது என்று இரண்டு வருடம் கழித்துக் காட்டினார்கள்.

உங்கள் மூன்றாவது பையனைச் சோம்பேறி என்று நான் சொல்லமாட்டேன். அவன் இழுத்தானா இல்லையா என்று தெரிகிற மாதிரி வடம் அமைக்கவில்லை.

தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உண்டு. சக்கரத்தை ஒட்டி நடந்து, கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். முட்டுக்கட்டை என்றால் இப்போது தடை என்று அர்த்தமாகிவிட்டது. கோயில் வீதியில் அதுதான் எல்லோர் உயிரையும் காக்கிற வேலை. குழுவில் "கொஞ்சம் நில்லுங்க, இது தப்பா போகுது" என்று சொல்கிற ஆளுக்கும் மதிப்பெண் இருக்கிற மாதிரி உங்கள் ப்ராஜெக்ட்டை அமையுங்கள்.

---

#3 மெக்_இறுதியாண்டு | 10 ஜூலை, காலை 7:15

மேடம், நான் அந்த "முதல் பையன்". உங்கள் கல்லூரி இல்லை, வேறு. போன வருட மினி ப்ராஜெக்ட்டில் எல்லாவற்றையும் நானே செய்தேன். அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு வாரம் மற்ற மூவருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தேன். ஒருவன் கொண்டுவந்த டிராயிங்கில் அளவு தப்பு. அவனுக்குச் சொல்லிக்கொடுத்துத் திருத்த வைக்க இரண்டு நாள் ஆகும், நானே போட்டால் ஒரு மணி நேரம். ரிவ்யூ மறுநாள். நானே போட்டேன். அடுத்த வாரம் அவனே, "டேய், நீயே பண்ணிடு, நான் ரிப்போர்ட் அடிச்சுத் தரேன்" என்றான். அப்படியே பழகிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. இப்போது யோசித்தால் அவன் கற்றுக்கொள்ள வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன் என்று தோன்றுகிறது. எனக்கும் சொல்லிக்கொடுக்கிற பழக்கம் வரவே இல்லை.

ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள். எங்களுக்குச் சொன்னார்கள். எல்லோரும் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டோம். ஒரே ஹாஸ்டல் அறையில் தூங்குகிறோம், ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். யார் யாரைக் காட்டிக்கொடுப்பது?

---

#4 ரசமட்டம் | 10 ஜூலை, காலை 9:50

சிவில் துறையில் 34 ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனால் ஒன்றைத் தவிர்க்கிறீர்கள்: ஆங்கிலம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிறார்கள். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தால் நாக்கு எழுவதில்லை. குழுவாக வேலை செய்வது வேலைக்குப் போனால் தானே வந்துவிடும். வேலைக்குள் நுழைய ஆங்கிலம் வேண்டும். முதல் ஆண்டு ஆங்கிலத் தாளோடு நிறுத்திவிடாமல் நான்கு ஆண்டும் பேச்சுப் பயிற்சி கொடுங்கள். வகுப்பறையில் ஆங்கிலம் மட்டும் என்று கண்டிப்பாக வைத்தால் ஒரு வருடத்தில் மாற்றம் தெரியும். இந்தப் பிள்ளைகள் ஏமாந்து போய்விடக் கூடாது என்ற கவலையில்தான் சொல்கிறேன்.

---

#5 மலைக்காற்று | 10 ஜூலை, பிற்பகல் 1:22

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் "ஆங்கிலம் மட்டும்" வகுப்பில் உட்கார்ந்தவள் நான். தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி, தமிழ்வழி. இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். அந்த வகுப்பில் இரண்டு வருடம் நான் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. கேள்வி மனதில் தமிழில் வரும். அதை ஆங்கிலமாக்கி முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். நான் அமைதியான பொண்ணு என்று பேர் வாங்கினேன். வீட்டில் என்னை வாயாடி என்பார்கள்.

என்னைப் பேச வைத்தது இப்போது வேலை பார்க்கும் இடம். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் எந்த மெஷினில் என்ன பிரச்சினை, எதை மாற்றினோம், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒப்படைக்க வேண்டும். தமிழில் சொல்வேன், ஓசூர் என்பதால் கன்னடமும் தெலுங்கும் கலக்கும். பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதுவேன். ஒழுங்காகச் சொல்லாவிட்டால் மறுநாள் காலை கழிவுப் பெட்டி நிரம்பியிருக்கும். பேசுவதற்கு ஒரு காரணம் கிடைத்ததும் ஆங்கிலமும் பின்னாலேயே வந்துவிட்டது.

மேடம், இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் பேட்ச்சில் இரண்டு பையன், இரண்டு பெண். முதல் நாளே "நீங்க டாகுமென்டேஷன் பாத்துக்கங்க, கையெழுத்து நல்லா இருக்கும்" என்று பிரித்துவிட்டார்கள். வயர்களைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை நான் முதன்முதலில் தொட்டது வேலைக்கு வந்த பிறகுதான். மாணவர்களுக்கான ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியில் ஆறு பேர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இருக்க வேண்டும் என்பது மட்டும் போதாது, அவள் எந்த வேலை செய்கிறாள் என்பதையும் யாராவது பார்க்க வேண்டும். அறிக்கை எழுதுவது கேவலமான வேலை இல்லை. அது எப்போதும் எங்களுக்கே வருகிறது, அதுதான் தப்பு.

---

#6 வார்டு_எண்_7 | 10 ஜூலை, இரவு 8:05

நான் அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் கற்பிப்பவன். எங்களுக்கு 2019இல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு என்று தனியாக ஒரு பகுதி சேர்த்தார்கள். ஏட்கோம் என்போம். ஆரம்பத்தில் நானும் இதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தர முடியுமா என்று நினைத்தேன். முடியும் என்றுதான் இப்போது சொல்வேன், ஆனால் பிரசங்கமாக இல்லாமல் ஒத்திகையாக.

ஒரு உதாரணம். ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது. பயிற்சி மருத்துவர் மூத்தவரைப் போனில் எழுப்ப வேண்டும். பதற்றத்தில், "சார், அந்த பேஷன்ட்... கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காங்க சார்" என்றுதான் வரும். இதற்கு எஸ்பார் என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். நான்கே வாக்கியம். நான் மாணவர்களை ஜோடியாக உட்கார வைத்து, ஒருவர் பயிற்சி மருத்துவர், ஒருவர் தூக்கத்தில் எழுப்பப்பட்ட மூத்தவர் என்று பேச வைக்கிறேன். நான்காவது வாக்கியத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "நீங்க வரணும் சார்" என்று மூத்தவரிடம் சொல்ல நம் பிள்ளைகளுக்கு வாய் வருவதில்லை.

1978 டிசம்பர் 28இல் அமெரிக்காவில் போர்ட்லண்ட் அருகே யுனைடெட் 173 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. தரையிறங்கும் சக்கரத்தில் கோளாறோ என்று கேப்டன் அதிலேயே கவனமாக இருந்தார். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள். ஆனால் கேப்டன் காதில் விழும்படி அழுத்திச் சொல்லவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் நாசா இதற்காக ஒரு பட்டறை நடத்தியது. விமானிகள் எல்லோருக்கும் குழுப் பயிற்சி என்பது அங்கிருந்து வளர்ந்தது. "சொன்னேன்" என்பதும் "கேட்கும்படி சொன்னேன்" என்பதும் வேறு வேறு என்று மாணவர்களுக்குப் புரியவைக்க எனக்கு இதைவிட நல்ல கதை கிடைக்கவில்லை.

---

#7 வாக்கியம் | 11 ஜூலை, காலை 6:40

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியை நான். ரசமட்டம் ஐயாவுக்கு என் துறையிலிருந்தே மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேச்சுத் திறன் என்றால் எங்கள் கல்லூரிகளில் ஜிடி, அதாவது குழு விவாதம். பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு தலைப்பைக் கொடுப்போம். முதலில் குரல் எழுப்புகிறவருக்கு மதிப்பெண். மற்றவரைக் குறுக்கிட்டுப் பேசுகிறவருக்கு இன்னும் மதிப்பெண். அதில் சேர்ந்து வேலை செய்வது எங்கே இருக்கிறது? ஒருவர் சொன்னதை எடுத்து இன்னொருவர் வளர்ப்பதைத்தான் நான் இப்போது மதிப்பிடுகிறேன். தனக்கு முன்னால் பேசியவர் சொன்னதை, அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு வரியில் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்தவர் பேசலாம். முதல் வாரம் யாராலும் முடியவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை, தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

மொழி விஷயத்தில் நான் செய்வது இது. தங்கள் துறையில் ஒரு விஷயத்தை, அது தெரியாத ஒருவருக்கு முதலில் தமிழில் விளக்க வேண்டும். அம்மாவுக்கு, மெஸ் அண்ணனுக்கு, யாருக்காவது. போனில் பதிவு செய்து, கேட்டவர் திரும்ப என்ன கேள்வி கேட்டார் என்பதையும் கொண்டுவர வேண்டும். அப்புறம் அதையே ஆங்கிலத்தில். விஷயம் தமிழில் தெளிவாகிவிட்டால் ஆங்கிலத்தில் பாதிச் சிரமம் இல்லை. தமிழிலேயே குழப்பம் என்றால் அது மொழிக் கோளாறு இல்லை, பாடம் புரியவில்லை.

மின்சுற்று மேடம், குழு அமைக்க ஒரு பழைய முறை சொல்கிறேன். 1971இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், கறுப்பின, வெள்ளை, மெக்சிக வம்சாவளி மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்தபோது பள்ளிகளில் மோதல் வந்தது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் ஒன்றுகூடி அதைப் படித்துத் தேறி, தங்கள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். ஜிக்சா என்று பெயர். யாரிடமிருந்து கற்றாக வேண்டுமோ அவரைக் கேலி செய்ய முடியாது. உங்கள் 58 பேருக்கு இது பொருந்தும்.

---

#8 மின்சுற்று | 11 ஜூலை, இரவு 9:18

எல்லோருக்கும் நன்றி. அச்செடுத்து வைத்துப் படித்தேன். மெக் தம்பி, நீ எழுதியதை என் பழைய மாணவனுக்கு அனுப்பினேன். "அப்படியே நான்தான் மேடம்" என்றான்.

ஒரு சந்தேகம். பகுதி பகுதியாகப் பிரித்தால், ஒவ்வொருவரும் தன் பகுதியை மட்டும் செய்துவிட்டு, கடைசி நாள் ஒட்டவைத்து எடுத்துவரமாட்டார்களா? நான்கு பேர் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக வேலை செய்வது குழு வேலை ஆகாதே?

---

#9 ரசமட்டம் | 12 ஜூலை, காலை 10:10

நேற்று முழுக்க யோசித்தேன். வாக்கியம் அம்மாவுக்கும் ஓசூர் மகளுக்கும் பதில் சொல்ல உட்கார்ந்து, வேறொன்றை எழுதுகிறேன்.

எங்கள் துறையில் நிலம் அளந்து பழக சர்வே கேம்ப் உண்டு. பத்து நாள், இரண்டு வாரம் மலையடிவாரத்திலோ ஏரிக்கரையிலோ தங்கி அளப்போம். ஏழெட்டுப் பேர் ஒரு அணி. ஒருவன் கோணம் அளக்கும் தியோடலைட்டில், ஒருவன் ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடிக்க, ஒருவன் ஃபீல்டு புக்கில் எழுத, ஒருவன் சங்கிலியோ டேப்போ. தினமும் வேலை மாற்றிக் கொடுப்பேன். கருவியில் கெட்டிக்காரன் மறுநாள் வெயிலில் ஸ்டாஃப் பிடித்து நிற்பான். அப்போதுதான் அவனுக்கு, நேற்று ஸ்டாஃப் பிடித்தவனை ஏன் அப்படிக் கத்தினோம் என்று புரியும்.

கருவியில் இருப்பவன் "ஒன்று புள்ளி நான்கு மூன்று ஐந்து" என்று கூவினால், எழுதுகிறவன் அதையே திருப்பிக் கூவ வேண்டும். கூவாமல் எழுதக் கூடாது. காற்றடிக்கும்போது 1.435 எளிதாக 1.345 ஆகிவிடும். டாக்டர் சொன்ன கடற்படை முறை எனக்குத் தெரியாது, இது எங்கள் ஆசிரியர் எங்களுக்குச் சொன்னது.

மின்சுற்று அம்மாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். ஐந்து நிலையங்களைச் சுற்றி அளந்து தொடங்கிய இடத்துக்கே வந்தால் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 540 டிகிரி வர வேண்டும். மட்டம் எடுத்தால், உயரம் தெரிந்த இடமான பெஞ்ச்மார்க்கில் புறப்பட்டு அங்கேயே திரும்பும்போது அதே உயரம் வர வேண்டும். சாயங்காலம் கூடாரத்தில் உட்கார்ந்து கூட்டுவார்கள். அந்த எண் வரவில்லை என்றால் கணக்கு மூடவில்லை என்போம். மூடவில்லை என்றால் யாரோ ஒருவரின் தவறு, யாருடையது என்று தெரியாது. எல்லோரும் சேர்ந்து புத்தகத்தைப் பின்னோக்கிப் பார்த்து, எந்த நிலையத்தில் பிசகியது என்று தேடுவார்கள். மறுநாள் விடியற்காலை நான் சொல்லாமலேயே அங்கே போய் மறுபடி அளப்பார்கள். பிரித்துச் செய்த வேலை ஒட்டுகிறதா என்று அந்த 540தான் அவர்களுக்குச் சொல்லும். நான் சொல்லத் தேவையே இருக்காது.

உங்கள் ப்ராஜெக்ட்டில் அப்படி ஒரு எண் வேண்டும், அம்மா. கடைசி நாளில் அல்ல, ஒவ்வொரு வாரமும்.

அங்கே பிள்ளைகள் எந்த மொழியில் பேசினார்கள் என்று நேற்று நினைத்துப் பார்த்தேன். தமிழில்தான். எண்கள் மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். யாரும் பேசத் தயங்கி நான் பார்த்ததில்லை. வகுப்பில் வாய் திறக்காதவன் 200 அடி தூரத்துக்குக் கூவுவான். "ஆங்கிலம் மட்டும்" என்று முன்பு எழுதியதில் "மட்டும்" என்பதை எடுத்துவிடுகிறேன். ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

---

#10 தேர்வடம் | 12 ஜூலை, பிற்பகல் 2:45

ஐயா, கும்பிடுகிறேன். மூடுகிறதா என்று பார்ப்பது, மென்பொருளில் நாங்கள் தினமும் செய்வதுதான். தனித்தனியாக எழுதியதைத் தினமும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு செவ்வாய்க் கோளுக்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் இருக்கிறது. ஒரு பக்கம் கலத்தைச் செய்த லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மென்பொருள் பவுண்டு-விசைக் கணக்கில் எண் கொடுத்தது, மறுபக்கம் நாசா குழு அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. 1999 செப்டம்பர் 23இல் கலம் தொலைந்தது. இரண்டு பக்கமும் திறமைசாலிகள். நடுவில் கைமாறும் எண்ணின் அலகை யாரும் சரிபார்க்கவில்லை.

மின்சுற்று மேடம், பேட்ச்சில் ஒருவர் பகுதி இன்னொருவர் பகுதியைத் தொடும் இடத்துக்கு ஒரு தாள் போடச் சொல்லுங்கள். என்ன வோல்ட் போகும், என்ன அலகு, எந்த வயர் நிறம். இருவர் கையெழுத்து. உண்மையான தகவல் தொடர்பு பாடம் அந்த ஒரு தாள்தான் என்று நினைக்கிறேன்.

மதிப்பெண்ணுக்குப் பதில் வாரம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இந்த வாரம் உனக்கு யார், எதில் உதவினார்கள்?" ஒரு வரி போதும். காட்டிக்கொடுப்பது இல்லை, நன்றி சொல்வதுதான். ஆனால் நான்கு வாரமாக ஒருவர் பெயர் யார் தாளிலும் வரவில்லை என்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

---

#11 மெக்_இறுதியாண்டு | 12 ஜூலை, இரவு 11:02

அந்தக் கேள்விக்கு நாங்கள் உண்மையான பதிலே எழுதியிருப்போம். நண்பர்களாகவே பேட்ச் போட விடுங்கள் என்று எல்லோரும் கெஞ்சுவார்கள் மேடம், விடாதீர்கள். ஆனால் ஒரு பெண்ணைத் தனியாக மூன்று பையன்களோடு போடாதீர்கள், இரண்டு பேராகப் போடுங்கள். டே ஸ்காலர் ஒருவரை மூன்று ஹாஸ்டல் ஆட்களோடு போட்டாலும் அவர் விடுபட்டுப் போவார். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்கும், அவருக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு.

---

#12 மின்சுற்று | 28 செப்டம்பர், இரவு 10:55

இவ்வளவு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். பத்து வாரம் முடிந்திருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

58 பேரை நான்கு பேராகப் 13 பேட்ச், மூன்று பேராக 2 பேட்ச் என்று நானே பிரித்தேன். ஹாஸ்டல், பஸ் ரூட் பார்த்து. இரண்டு நாள் முகம் தூக்கிக்கொண்டு இருந்தார்கள். சென்சார், ரிலேவை இயக்கும் டிரைவர், அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகைக்கான நிரல், பவர் சப்ளை என்று நான்கு துண்டு. முதல் மூன்று வாரம் எல்லா பேட்ச்சின் ரிலே ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து ரிலேவை மட்டும் படித்தார்கள், மற்றவர்களும் அப்படியே. அப்புறம் தங்கள் பேட்ச்சுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தாளில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஐந்தாவது வாரம் துண்டுகளை மாற்றினேன். ரிவ்யூவில் ஒருவரிடம் இன்னொருவர் பகுதியை மட்டுமே கேட்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் 'மூடுகிறதா' சோதனை. நான்கு துண்டையும் இணைத்து, காய்ந்த மண்ணில் மோட்டார் ஓட வேண்டும், ஈர மண்ணில் நிற்க வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை 15இல் 2 பேட்ச்தான் மூடியது. எனக்குக் கலக்கமாகிவிட்டது. ஆறாவது வெள்ளிக்கிழமை 11.

சரியாக வராதவையும் உண்டு. இரண்டு தாள் போதுமாயிருக்க, நான்கு தாள் கொடுத்தேன், எழுதுவதிலேயே களைத்துப் போனார்கள். இப்போது அலகுத் தாளும் உதவித் தாளும் மட்டும் வைத்திருக்கிறேன். ஒரு பேட்ச் உடைந்தேவிட்டது. இரண்டு பெண்கள் ஒரு பக்கம், இரண்டு பையன்கள் ஒரு பக்கம், பேச்சே இல்லை. என் அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, வாக்கியம் மேடம் சொன்னபடி ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகே பதில் என்று நடத்தினேன். பிரச்சினை மிகச் சின்னது. பாகங்கள் வாங்க வசூலித்த பணத்துக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. இப்போது பேசுகிறார்கள், ஆனால் பழைய நட்பு வரவில்லை.

உதவித் தாளில் ஐந்து வாரமாக ஒரு பையன் பெயர் எங்கேயும் வரவில்லை. அரசுப் பள்ளியிலிருந்து வந்தவன், கோபிசெட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று தயங்கினேன். கேட்கவில்லை. மாறாக அந்த வாரம் பவர் சப்ளை துண்டில் அவனையும் மலைக்காற்று அவர்களைப் போல இதுவரை அறிக்கை மட்டும் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் சேர்த்து, சால்டரிங் இருவர் பொறுப்பு என்றேன்.

போன செவ்வாய் இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது. புதிய எண். "மேடம், நான்தான். ரிலே போர்டு போயிடுச்சு. பன்னிரண்டு வோல்ட்டை மாத்திக் கொடுத்துட்டேன். தாள்ல ஐந்துனு இருந்துச்சு, நான் பாக்கல. நாளைக்குள்ள இன்னொண்ணு வேணும் மேடம், ஈரோட்ல எந்தக் கடைல கிடைக்கும்?"

நான்கு வாக்கியமும் இருந்தது, டாக்டர். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

---

#13 மலைக்காற்று | 29 செப்டம்பர், காலை 6:20

அந்தப் பெண் சால்டரிங் செய்தாளா மேடம்?

---

#14 மின்சுற்று | 29 செப்டம்பர், காலை 8:02

புது போர்டுக்கு அவள்தான் வைத்தாள். இரண்டு இணைப்பு சரியாகப் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். வெள்ளிக்கிழமை மோட்டார் ஓடியது.